ஆஸ்பத்திரில ஒரு தமிழ், ஆச்சிகிட்ட ஒரு தமிழ்: ஊர்ப் பேச்ச மறைக்கிறது சரியா?

வள்ளியூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா மனசுல கெடக்கிற விஷயம், கேட்டுரலாம்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

எனக்கு சொந்த ஊர் வள்ளியூர் பக்கம் ஒரு கிராமம். நர்ஸிங் முடிச்சு சென்னைக்கு வந்து 11 வருஷம் ஆகுது, ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில வேலை. வந்த புதுசுல வார்டுல ஒரு பாட்டிகிட்ட "பைய எந்திரிங்க, நான் புடிச்சிக்கிடுதேன்"னு சொன்னேன், பக்கத்துல நின்ன சீனியர் எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அன்னைக்கு சாயங்காலமே மேல இருக்கிறவங்க கூப்பிட்டு "பேஷன்ட்கிட்ட டீசன்ட்டா பேசு, கிராமத்துல பேசுற மாதிரி பேசாத"ன்னு சொன்னாங்க. நான் ஒரு கெட்ட வார்த்தையும் பேசல. பைய-ன்னா மெதுவான்னு அர்த்தம், அவ்வளவுதான். ஆனா அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல படுத்துக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா மாத்தி சொல்லிப் பாத்தேன், சொல்லுதேன் இல்ல சொல்றேன், நிக்கேன் இல்ல நிக்கிறேன், செய்யுதியா இல்ல செய்றியா. மூணு மாசத்துல யாரும் ஊர கண்டுபிடிக்க முடியாத மாதிரி ஆயிட்டேன். அப்ப அது பெரிய வெற்றியா தெரிஞ்சுது.

இப்ப என்ன ஆச்சுன்னா, போன மாசம் எமர்ஜென்சில நைட் ட்யூட்டி. 70 வயசு தாண்டின ஒரு தாத்தா, சாத்தான்குளம் பக்கம், மகன் வீட்டுக்கு வந்திருக்காரு. மகன் வண்டி நிப்பாட்ட போயிட்டான். டாக்டர் சின்ன வயசு, சென்னைலயே பொறந்து வளந்தவர், நல்ல டாக்டர், அக்கறையா கேக்குறவர்தான். தாத்தா சொன்னாரு "நாலு நாளா ஒரே எளப்பா இருக்கு, மேலுக்கு முடியல"ன்னு. டாக்டர் உடனே "எளைச்சிட்டீங்களா? எவ்வளவு வெயிட் குறைஞ்சிருக்கு? சுகர் இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே எடை குறைவுன்னு கம்ப்யூட்டர்ல அடிக்கிறாரு. தாத்தாவுக்கு ஒண்ணும் புரியல, ஆமா இல்லன்னு மாத்தி மாத்தி தலையாட்டுறாரு. எனக்கு திக்குன்னு ஆயிருச்சு. எங்க ஊர்ல எளப்புன்னா மெலிஞ்சு போறது இல்ல, மூச்சு வாங்குறது.

நான் குனிஞ்சு "தாத்தா, மூச்சு எரைக்கா? படுத்தா கூடுதா?"ன்னு கேட்டேன். யோசிச்சு கேக்கல, தானா வாயில வந்துட்டு. அவரு என் கைய புடிச்சுக்கிட்டாரு. "ஆமாம்மா, ரெண்டு தலவாணி வச்சு சாஞ்சுதான் கெடக்கேன், கண்ணசர முடியல, நீ எந்த ஊரு புள்ள?"ன்னாரு. போர்வைய தூக்கிப் பாத்தா ரெண்டு காலும் வீங்கி, விரல் வச்சு அழுத்தின எடம் அப்படியே குழியா நிக்குது. அதுக்கப்புறம் ஈசிஜி, எக்ஸ்ரே, எக்கோன்னு எல்லாம் வேகமா நடந்துச்சு, இதயம் பலவீனமாகி நுரையீரல்ல தண்ணி தேங்கியிருந்துச்சு. இப்ப வீட்டுக்கு போயிட்டாரு, நல்லா இருக்காரு.

டாக்டரே கொஞ்ச நேரத்துல கண்டுபிடிச்சிருப்பாரு, அவர நான் குறை சொல்லல. எனக்கு உறுத்துறது வேற. 11 வருஷமா நான் எத்தன பேர்கிட்ட இந்த "டீசன்ட்" தமிழ்ல கேள்வி கேட்டிருப்பேன், அதுல எத்தன பேரு புரியாமலே ஆமான்னு தலையாட்டியிருப்பாங்க?

இன்னொண்ணு, என் பையனுக்கு 6 வயசு, இங்கயே பொறந்தவன். ஊருக்கு போன் போட்டா எங்க ஆச்சி "ஏல, சாப்டியால, என்னல செய்யுத"ன்னு கேப்பா. ஒரு நாள் போன வச்சிட்டு அவன் கேக்குறான், "ஆச்சி ஏம்மா என்ன எப்பவும் திட்டிக்கிட்டே இருக்காங்க?"ன்னு. ஆச்சிக்கு அதுதான் கொஞ்சல், அவனுக்கு அது திட்டு. இத நான் ஆச்சிகிட்ட சொல்லல. சொன்னா தாங்க மாட்டா.

நீங்கல்லாம் என்ன பண்றீங்க? வேலைக்கு ஒரு பேச்சு வீட்டுக்கு ஒரு பேச்சுன்னு வச்சிருக்கீங்களா, இல்ல ஒண்ணையே எல்லா எடத்துலயும் பேசுறீங்களா? பிள்ளைங்களுக்கு எத குடுக்குறீங்க?

---

பெங்களூர்த் தமிழன்:

சிஸ்டர், நீங்க பண்ணது தப்பே இல்ல, நான் 20 வருஷமா வெளியூர்லதான் இருக்கேன், என் அனுபவத்துல சொல்றேன். நாலு ஊர் ஜனம் சேர்ற எடத்துல எல்லாருக்கும் பொதுவா ஒரு பேச்சு வேணும். டிவி நியூஸ் மாதிரி பேச சொல்லல, சாதாரணமா படிச்சவங்க பேசுற பொதுப் பேச்சுத் தமிழ். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஊர் பேச்சுலதான் பேசுவேன்னு நின்னா ஆபீஸ்ல வேலையே நடக்காது. வீட்டுல எப்படி வேணா பேசுங்க, அது உங்க உரிமை. வேலைல பொதுத்தமிழ்தான் சேஃப். அந்த தாத்தா விஷயத்துல கூட டாக்டர் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருந்தா போதுமே, அது மொழிப் பிரச்சனைன்னே எனக்கு தோணல.

---

சோமனூர்த் தறி:

அம்மிணி, படிச்சுப்போட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேனுங்க.

எனக்கு 52 வயசு ஆகுதுங்க, விசைத்தறி ஓட்டறேன். எங்க அம்மாவ ஒருக்கா கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருந்தேன், அங்க இருந்த டாக்டரம்மா வேற ஜில்லாக்காரங்க. அம்மா சொல்றாங்க "ரவைக்கெல்லாம் ஒரே வெசனமா இருக்குது கண்ணு"ன்னு. ரவைக்குன்னா ராத்திரிக்கு, வெசனம்ன்னா கவலை. டாக்டரம்மா "ரவை சாப்பிட்டா ஒத்துக்கலயா, கோதுமை சாப்பிடுங்க"ங்கறாங்க. அம்மா என்ற மூஞ்சியப் பாக்கறாங்க. நான் எடுத்து சொன்னதுக்கப்பறம்தான் அந்தம்மா பேனாவ கீழ வெச்சுப்போட்டு என்னம்மா கவலைன்னு கேட்டாங்க. அப்பத்தான் எங்கம்மா அழுதாங்க. அப்பா போயி எட்டு மாசம் ஆயிருந்துதுங்க அப்ப. பெங்களூர் தம்பி சொல்ற அந்தப் பொதுத்தமிழு எங்கம்மாவுக்குத் தெரியாதுங்க, 74 வயசுல போயி அவங்க எங்க கத்துக்கறது? கத்துக்க வேண்டியது யாரு, காசு வாங்கிட்டு வைத்தியம் பாக்கறவங்களா, சீக்கோட வந்து உக்காந்திருக்கறவங்களா?

எங்க ஊர்ப் பேச்சுன்னா எல்லாரும் சொல்றது அந்த "ங்க"தான். ஏனுங்க, சொல்லுங்க, வாங்க போங்கன்னு. மரியாதையான ஊருன்னு பேரு. எனக்கும் அதுல பெருமைதான். எங்க தறியில ஒடிசாப் பையன் ஒருத்தன் இருக்கறான், நாலு வருஷமா. அவனுக்கு தெரிஞ்ச தமிழே தறிச் சத்தத்துக்கு நடுவுல கத்துக்கிட்டதுதான், சோறு போட்டா "போதுங்ணா"ன்னு எங்க ஊரு இழுப்போடயே சொல்லுவான். மெட்ராஸ் போனா அவன கோயமுத்தூர்க்காரன்னுதான் நெனப்பாங்க.

ஆனா ஒண்ணு சொல்லோணும், மறைக்கப்படாது. அந்த "ங்க" எல்லாருக்கும் கெடைக்கலீங்க. எங்க அப்பாரு (தாத்தா) காலத்துல தோட்டத்துல பண்ணயத்துக்கு இருந்தவங்க, அப்பாரவிட மூத்தவங்களே, எங்க ஊட்டு சின்னப் பசங்களுக்கெல்லாம் "சாமி, வாங்க சாமி"ன்னு சொல்லுவாங்க. திருப்பி நாங்க சொன்னது வாடா போடாதான். நானே சொல்லியிருக்கறேன், ஒம்பது பத்து வயசுல, நரைச்ச தலை மனுசன் ஒருத்தர. இன்னைக்கு நெனச்சா தொண்டைக்குழில நிக்குது. அவரு மகன் இப்ப பவானில வாத்தியாரா இருக்கறாரு, பாத்தா நான்தான் மொதல்ல வாங்கன்னு சொல்றேன். அதனால ஊர்ப் பேச்ச காப்பாத்தறதுன்னா அப்படியே பொட்டில பூட்டி வெக்கறது இல்லீங்க, அதுல யாருக்கு எந்த வார்த்தை போச்சு, யாருக்குப் போவுலங்கறதையும் பாக்கோணும்.

பிள்ளைங்களுக்கு என்ன பண்றதுன்னு கேட்டீங்க. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதின்னு 2000த்துல போட்டாரு, ஊட்டுல ஒண்ணு வெச்சிருக்கேன். கரிசல் பக்கத்துக்கு கி.ராஜநாராயணன் 1982லயே போட்டுட்டாரு. என்ற புள்ள காலேஜ் படிக்குது, அத எடுத்து வெச்சுக்கிட்டு இட்டாரின்னா என்ன, பொடக்காளின்னா என்ன, ஒரம்பரைன்னா என்னன்னு அவங்க அமுச்சிகிட்ட (அம்மாவோட அம்மா) கேட்டுக்கிட்டு இருக்கும். இட்டாரிய நான் கூட்டிட்டுப் போயி காட்டலாம்னு பாத்தா, ரெண்டு பக்கமும் வேலி போட்ட அந்த வண்டித்தடம் எங்க ஊர்ல இப்ப ஒண்ணுகூட இல்லீங்க, எல்லாம் தார் ரோடு ஆயிப்போச்சு.

---

ஸ்காபரோ அக்கா:

தங்கச்சி, உங்கட கதையை ரெண்டு தரம் வாசிச்சனான். நான் யாழ்ப்பாணம், சண்டிலிப்பாய்ப் பக்கம். இப்ப ரொறன்ரோவில 27 வருசம். (இங்க இருக்கிற இந்தியப் பிள்ளையள் டொரன்டோ எண்டுதான் எழுதுவினம், நாங்கள் ரொறன்ரோ. கடை போர்டைப் பார்த்தே எந்தப் பக்கத்துக் கடை எண்டு சொல்லலாம்.)

நீங்கள் வேலைக்காகப் பேச்சை மாத்தினீங்கள். நாங்கள் பயத்தில மாத்தினனாங்கள். 1990ல அம்மாவும் நானும் தம்பியும் மெட்ராசுக்கு வந்தனாங்கள், எனக்கு அப்ப 15 வயசு. அடுத்த வருசம் மே மாசம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு எங்களுக்கு வீடு தாறதுக்கே ஆக்கள் யோசிச்சவை, வீட்டுக்காரர் கேட்டா நாங்கள் ராமநாதபுரம் எண்டு சொல்லச் சொல்லி அம்மா பழக்கினவ. பஸ்ஸில வாயே திறக்கிறேல்லை. கதைக்கிறது எண்டு ஒரு சொல்லு வந்தாப் போதும், பிடிபட்டிடுவம். ஓம் எண்டு சொல்லக்கூடாது, ஆமா எண்டு சொல்லவேணும். தம்பிக்கு அப்ப 8 வயசு, அவன் கடையில போய் "பாண் இருக்கோ" எண்டு கேட்டிட்டான், பாண் எண்டா நீங்கள் சொல்லுற பிரெட். அம்மா அவனை இழுத்துக்கொண்டு வந்து, வழி முழுக்க ஒண்டும் கதைக்கேல்லை, வீட்டுக் கதவைச் சாத்திப்போட்டு அவனைக் கட்டிப்பிடிச்சு அழுதவ. ஒரு றாத்தல் பாணுக்காக. அந்தச் சொல்லுப் போர்த்துக்கீசரிட்ட இருந்து வந்தது, குசினி (அடுப்படி), கதிரை (நாற்காலி), சப்பாத்து (ஷூ) எல்லாம் அப்பிடித்தான், அவங்கள் 1619ல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சவங்கள், 1658ல ஒல்லாந்தரிட்ட (டச்சுக்காரரிட்ட) விட்டிட்டுப் போட்டாங்கள், சொல்லு மட்டும் எங்களோட இருந்திட்டுது. கந்தோர் எண்டு நாங்கள் ஆபீசைச் சொல்லுறது ஒல்லாந்தற்ற சொல்லு. எங்களுக்கு அது எல்லாம் அம்மாவின்ர சொல்லுத்தான், வேற ஆற்றையும் சொல்லு எண்டு ஒருநாளும் நினைச்சதில்லை.

உங்கட மகன் ஆச்சி திட்டுறா எண்டு நினைச்சதை வாசிக்க எனக்கு ஒண்டு ஞாபகம் வந்தது. எங்களுக்குப் பேசுறது எண்டாத்தான் திட்டுறது. "அம்மா பேசினவ" எண்டா அம்மா ஏசினவ எண்டு அர்த்தம். மெட்ராஸ் பள்ளிக்கூடத்தில முதல் நாள் ரீச்சர் வந்து "உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" எண்டு சொன்னா. நான் என்ன பிழை விட்டனான் எண்டு தெரியாமல் இன்டர்வல் முழுக்க நடுங்கிக்கொண்டு நிண்டனான். அவ பாவம், எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தாறதுக்குத்தான் கூப்பிட்டவ.

இஞ்சயும் ஆஸ்பத்திரியில இதே பிரச்சினை இருக்கு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் எண்டு வருவினம், நல்ல பிள்ளையள், ஆனால் எங்கட அப்பு "நாரி நோகுது, தலையிடி, விடியத் தொடக்கம் ரெண்டு தரம் சத்தி எடுத்திட்டன்" எண்டு சொன்னா, இந்தியாவில இருந்து வந்த பிள்ளைக்கு நாரியும் விளங்காது, சத்தியும் விளங்காது. நாரி எண்டா இடுப்பு முதுகு, சத்தி எண்டா வாந்தி. சக்தி எடுத்தார் எண்டு நினைச்சு அந்தப் பிள்ளை பலம் வந்திட்டுதோ எண்டு திருப்பிக் கேட்டது. மட்டக்களப்பு ஆக்கள் வந்தா எனக்கே சில சொல்லு நிண்டு யோசிக்கவேணும், அவை "மறுகா" எண்டுவினம், நாங்கள் பேந்து எண்டுறம், நீங்கள் அப்புறம் எண்டுறியள். மூண்டும் ஒண்டுதான்.

என்ர பிள்ளையள் இஞ்ச பிறந்ததுகள். டிவி பார்த்துப் பார்த்து அதுகளுக்கு வாறது இந்தியத் தமிழ். மூத்தவள் ஒருநாள் என்னோட "போம்மா, செம கடுப்பா இருக்கு" எண்டிறாள். கால் கடுக்குதோ எண்டு கேட்டு நான் எண்ணெய்ப் போத்திலை எடுத்துக்கொண்டு போனனான்! நான் அவளை ஏசேல்லை. அவள் தமிழில கோவப்பட்டவள், அதே எனக்குக் காணும். ஆனா அம்மம்மாவோட கதைக்கேக்க மட்டும் அவள் தானாவே "ஓம் அம்மம்மா, வாறன் அம்மம்மா" எண்டு மாறுறாள், நான் சொல்லிக் குடுக்கேல்லை. பிள்ளையள் ஆளைப் பார்த்துத்தான் பேச்சை எடுக்குதுகள். உங்கட மகனை ஆச்சியோட விடுங்கோ, ஒரு மாசம் போதும்.

---

காசிமேட்டுப் பையன்:

எல்லாரும் எழுதுறத படிச்சேன், நல்லா கீது. நான் ஒண்ணு கேக்கணும், கோச்சிக்காதீங்க.

நெல்லை பேச்சு அழகு, கொங்கு பேச்சு மரியாத, ஈழத்து பேச்சு இனிமன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க பேச்ச பத்தி யாராச்சும் ஒரு நல்ல வார்த்த சொல்லி கேட்டுக்கீறீங்களா? நான் வடசென்ன, காசிமேடு. எங்கம்மா மீன் விக்குது. நாலு தலமுறையா இதே ஊரு, நாங்க எங்கேந்தும் வரல. அக்கா, உங்கள டீசன்ட்டா பேச சொன்னாங்கள்ல, அந்த டீசன்ட் தமிழ் மெட்ராஸ் தமிழ்னு நெறைய பேரு நெனச்சிக்கினு கீறாங்க. அது எங்க தமிழ் இல்லக்கா. எங்களயும் அதான் சொல்லி வெரட்டுறாங்க.

பி.காம் முடிச்சிட்டு ஒரு கம்பெனில கஸ்டமர் கேர் வேலைக்கு போனேன். மொத ரவுண்டு எழுத்து, பாஸ். ரெண்டாவது ரவுண்டு பேசணும். நான் நல்லா ரெடி பண்ணிக்கினுதான் போனேன், ஆனா டென்ஷன்ல ஒரு எடத்துல "இன்னா சார்"னு வந்துட்ச்சு. அவரு பேனாவ மூடிட்டாரு. அப்பால ஒரு கேள்விகூட கேக்கல. "உங்க லாங்வேஜ் எங்க கஸ்டமருக்கு செட் ஆகாது"ன்ட்டாரு. அந்த கஸ்டமரு யாரு? சென்னைல போன் வச்சிக்கீற எங்க ஜனமும்தானே கஸ்டமரு?

சினிமால ரவுடின்னா எங்க பாஷ, குடிகாரன்னா எங்க பாஷ, காமெடின்னா எங்க பாஷ. ஒரு டாக்டரு, ஒரு வாத்தியாரு இப்டி பேசி நான் பாத்ததே கெடயாது. அதனால எவன் கேட்டாலும் மொதல்ல சிரிக்கிறான், இல்ல பயப்படுறான். ஆனா இதுல இன்னா தப்பு கீது சொல்லுங்க. "குந்து"ன்றது தமிழு. "அப்பால"ன்றது அப்பால்ன்ற பழைய வார்த்ததான், புக்குல வந்தா இலக்கியம், எங்க வாய்ல வந்தா லோக்கலு. நாஷ்டா, பேஜாரு, ஜல்தி எல்லாம் உருதுலேந்து வந்துச்சு, தெலுங்குலேந்து டப்பு வந்துச்சு, ஏன்னா இது துறமுகம், எல்லா ஊரு ஜனமும் ஒண்ணா மூட்ட தூக்குன எடம். கொளத்துல தண்ணி கலக்காது, கடல்ல கலக்கும். கட்டுமரம்ன்ற வார்த்த இங்கிலீஷ் டிக்‌ஷனரில போயி குந்திகினு கீது, அது எங்கள மாதிரி கடலுக்கு போற ஜனத்தோட வாய்லேந்து போன வார்த்த.

எங்கம்மாவ நான் "நீ வா, நீ துன்னியா"ன்னுதான் கேப்பேன். காலேஜ்ல ஒரு ஃப்ரெண்டு கேட்டுட்டு "அம்மாவ மரியாத இல்லாம பேசுற"ன்னான். எனக்கு அன்னிக்கி ஒண்ணும் சொல்ல வரல. எங்கம்மா வெடிகால மூணு மணிக்கி ஏலத்துக்கு போவுது, கூடைய நான்தான் தூக்கி தலைல வைக்கிறேன், அது எறங்கி வந்தா காலுக்கு வெந்நீ வச்சி குடுக்கிறேன். நீங்கன்னு கூப்ட்டா எங்கம்மா திரும்பி பின்னாடி யாரு நிக்கிறாங்கன்னு பாக்கும்.

இப்ப ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில கீறேன், டிரைவருங்ககிட்ட போன்ல பேசுற வேல. அங்க என் பேச்சுதான் ஓடுது. ஒருத்தன் கூட போன வைக்க மாட்டான்.

---

தோவாளை டீச்சர்:

வணக்கம் மக்கா. நாகர்கோவில் பக்கம் 19 வருஷமா தமிழ் சொல்லிக் குடுக்கேன், அதனால என்னையும் சேத்துத்தான் இந்த எழுத்து.

காசிமேட்டுத் தம்பி, நீ எழுதினதுல நியாயம் இருக்கு. நானே ஒரு தப்பு செஞ்சிருக்கேன். வேலைக்கு சேந்த புதுசு, ஏழாங்கிளாஸ் பிள்ள ஒருத்தி "எங்கள் வீடு"ன்னு கட்டுரை எழுதினா. "அம்மா விடியக்காலம் வாரியல் எடுத்து முற்றம் தூப்பாள்"னு எழுதியிருந்தா. நான் வாரியல வட்டம் போட்டு துடைப்பம்னு செவப்பு மையில எழுதினேன், தூப்பாள அடிச்சு பெருக்குவாள்னு போட்டேன். அடுத்த கட்டுரைல அந்தப் பிள்ள நாலே வரிதான் எழுதினா. எல்லாம் புஸ்தகத்துல இருக்க வரி. ஒரு தப்பு இல்ல, ஆனா அவ வீடு அதுல இல்ல. எனக்கு அது ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒறைச்சுது.

தொல்காப்பியத்துலயே சொல்ல நாலா பிரிச்சிருக்கு, இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல்னு. திசைச்சொல்லுக்கு "செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும்"னு வரும், அந்தந்த நிலத்து வழக்குச் சொல்லும் செய்யுளுக்குள்ள வரலாம்னுதான் அந்த எண்ணம். அத்தன காலத்துக்கு முன்னாடியே எடம் குடுத்திருக்காங்க, நான் ஒரு பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு எடம் குடுக்கல. மதராஸ் யுனிவர்சிட்டி 1924லேருந்து 1936 வரைக்கும் போட்ட தமிழ் லெக்சிகன்லயும் இது யாழ்ப்பாணத்து வழக்கு, இது திருநெல்வேலி வழக்கு, இது நாஞ்சில் நாட்டு வழக்குன்னு சொல்லுக்குப் பக்கத்துலயே குறி போட்டிருப்பாங்க. அகராதி போட்டவங்களுக்கு அது அழுக்கா தெரியல.

ஸ்காபரோ அக்கா, நீங்க உது, உவன், உங்கன்னு சொல்லுவீங்கல்லா, நான் பிள்ளைகளுக்கு "அ இ உ அம்மூன்றும் சுட்டு"ங்கிற தொல்காப்பிய நூற்பா (மூணும் சுட்டிக் காட்டுற எழுத்துன்னு அர்த்தம்) நடத்தும்போது உங்க ஊரத்தான் சொல்லுவேன். அது அவன், இது இவன், உது மட்டும் எங்க போச்சுன்னு பிள்ளைக கேக்கும். இங்க எல்லாரும் தொலைச்சத யாழ்ப்பாணத்துல இன்னும் தினமும் பேசுதாங்கன்னு சொன்னா கண்ண விரிச்சுக் கேக்கும்.

எங்களுக்கும் அடி உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சில இருந்து தமிழ்நாட்டோட சேந்துது. தமிழ் பேசுறோம்னு சொல்லித்தான் போராடினாங்க, உயிர் போச்சு அதுல. அப்படி சேந்த ஊர்க்காரன் சென்னைக்குப் போய் "கொள்ளாம்"னு (நல்லா இருக்குன்னு அர்த்தம்) ஒரு வார்த்த சொன்னா, நீங்க மலையாளியான்னு கேக்காங்க. விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைக காற்று, நேற்று-ன்னு சொல்லும்போது அந்த ற்ற சத்தத்த கவனிச்சுக் கேளுங்க, மத்த ஊர்ல காத்து நேத்துன்னு ஆயிப்போன எடத்துல இங்க பழைய ஒலி நிக்கும். அதையே மலையாள வாடைன்னு திருத்தின வாத்தியார எனக்குத் தெரியும்.

ஆனா வள்ளியூர்ப் பிள்ள, நீ கேட்டதுக்கு என் பதில் முழுசா உன் பக்கம் இல்ல. பரீட்சைக்குப் பொது வழக்கு வேணும், இன்டர்வியூவுக்கு வேணும், அத சொல்லிக் குடுக்காம விட்டா நான் அந்தப் பிள்ளைகளுக்குத் துரோகம் பண்ணுதேன். பெங்களூர்த் தம்பி சொல்லுததுல அந்த அளவுக்கு உண்மை உண்டு. நான் இப்ப என்ன செய்யேன்னா, வகுப்புல ஒரு தடிமனான நோட்டு வச்சிருக்கேன். இடது பக்கம் வீட்டுச் சொல்லு, வலது பக்கம் ஏட்டுச் சொல்லு. சவுட்டு–மிதி, சீனி–சர்க்கரை, தடுமன்–சளி, வாரியல்–துடைப்பம். பிள்ளைகதான் எழுதணும். செவப்பு மை அந்த நோட்டுக்குக் கெடையாது. வலது பக்கம் தெரியாத பிள்ளைய நான் திருத்துவேன், இடது பக்கம் தெரியாத பிள்ளைய வீட்டுல ஆச்சிகிட்ட கேட்டுட்டு வரச் சொல்லுவேன். அதுவும் ஹோம்வொர்க்குதான்.

---

வள்ளியூர்க்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்து படிச்சேன், தூங்காமலே பதில் எழுதுறேன்.

தம்பி (காசிமேடு), உன் பதில படிச்சதுக்கப்புறம் எனக்கு என் மேலயே கோவம் வந்துச்சு. எங்க வார்டுல க்ளீனிங் வேலை செய்ற அக்கா ஒருத்தங்க ராயபுரம், "இன்னா சிஸ்டர், நாஷ்டா ஆச்சா"ன்னு தினமும் கேப்பாங்க. நானும் மத்தவங்களோட சேந்து சிரிச்சிருக்கேன். என்ன பாத்து சிரிச்சப்ப எப்படி வலிச்சுதுன்னு தெரிஞ்ச நானே. இன்னைக்கு காலைல போகும்போது நின்னு, அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே கேட்டேன், நாஷ்டா ஆச்சாக்கான்னு. கிண்டல் பண்றேன்னு நெனச்சிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு. இல்ல, டப்பாவ தொறந்து ஒரு இட்லி எடுத்து என் கையில வச்சாங்க.

பெங்களூர் அண்ணா, பொதுத்தமிழ நான் விடப்போறது இல்ல, அது எனக்கு சோறு போடுது. ஆனா மொழிப் பிரச்சனை இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க, அந்த மூஞ்சிய நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.

டீச்சர், உங்க நோட்ட நான் அப்படியே எடுத்துக்கிடுதேன். எங்க எமர்ஜென்சில அந்த டாக்டர்கிட்டயே போய் கேட்டேன், ஒரு தாள்ல எழுதி நர்ஸிங் ஸ்டேஷன்ல ஒட்டலாமான்னு. அவரு அன்னைக்கு நடந்தத மறக்கல. "முதல் வரில எளப்பு எழுதுங்க"ன்னாரு. எழுதிட்டேன். ரெண்டாவது வரி சத்தி, மூணாவது நாரி, தலையிடி, அப்புறம் ரவைக்கு, வெசனம். பக்கத்துல எந்த ஊருன்னும், என்ன கேள்வி திருப்பிக் கேக்கணும்னும் போட்டிருக்கேன். எளப்புக்கு நேரா "மூச்சு வாங்குதா, உடம்பு மெலியுதா, ரெண்டையும் கேளு"ன்னு.

இன்னும் வேணும். உங்க ஊர்ல காய்ச்சலுக்கு, வயித்துப்போக்குக்கு, தல சுத்தலுக்கு, வலிப்புக்கு, நெஞ்சு எரிச்சலுக்கு வீட்டுல வயசானவங்க என்ன சொல்வாங்க, அவங்க சொல்ற மாதிரியே எழுதுங்க.

பையனுக்கு மே மாசம் லீவு. ஆச்சிகிட்ட விடப்போறேன், டிக்கெட் போட்டாச்சு, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். "ஏல-ன்னா என்னம்மா"ன்னு நேத்து கேட்டான். செல்லமேன்னு அர்த்தம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்ப ஆச்சி தாத்தாவ கூட 'ஏல'ன்னு கூப்பிடுவாங்களா"ன்னு கேட்டான். அத ஆச்சிகிட்டயே கேட்டுக்கோன்னு சொல்லிட்டேன்.

---

சோமனூர்த் தறி:

எழுதிக்கோங்க அம்மிணி. எங்கம்மா பக்கத்துல உக்காந்து சொல்றாங்க, நான் அடிக்கறேன்: வவுறு நோவுதுன்னா வயித்து வலி. வயித்தால போவுதுன்னா பேதி. கிறுகிறுங்குதுன்னா தல சுத்துது. சீக்குன்னா எந்த நோவா இருந்தாலும் சீக்குத்தான். இன்னும் சொல்லிட்டே இருக்கறாங்க, நாளைக்கு மிச்சத்த போடறேனுங்க.

---

ஸ்காபரோ அக்கா:

தடிமன் எங்களுக்கும் இருக்கு ரீச்சர், சளிதான்! நீங்கள் சொன்ன தடுமன் அதேதான் போல. தங்கச்சி, அதுக்குப் பக்கத்தில ரெண்டு ஊரையும் போடுங்கோ.